பன்னிரண்டு மிஷினுக்குப் பூஜ்யம் ஆள்

பம்பாய்ச் செம்பூரில் ஆயத்த ஆடை உற்பத்தித்திறன் உயர்வு நிலையம் என்று ஓர் ஆபீஸ் இருந்தது. அறுபத்துமூன்று பேர் வேலை பார்த்தார்கள். அவர்களில் ஒருவருக்கும் ஊசியில் நூல் கோக்கத் தெரியாது. தெரிந்தவரை வைத்தால் பாரபட்சம் வந்துவிடும் என்பது டைரக்டரின் கருத்து. இந்தியத் தையற்காரன் ஏன் இவ்வளவு மெதுவாகத் தைக்கிறான் என்று கண்டுபிடிப்பது நிலையத்தின் வேலை. அவன் மெதுவாகத்தான் தைக்கிறான் என்பது திறப்பு விழாப் பேச்சிலேயே முடிவாகிவிட்டது. காரணம் மட்டும்தான் பாக்கி.

எண்பத்தைந்தாம் வருஷம். பம்பாயில் மில்களெல்லாம் ஸ்ட்ரைக்கில் படுத்து எழுந்திருக்காமல் கிடந்தன. மில் போனால் போகட்டும், சட்டை தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பலாம் என்று பெரிய மனிதர்கள் பேச ஆரம்பித்தார்கள். பேச்சுக்குப் பின்னால் உத்தரவு வந்தது. ஏற்றுமதிக் கம்பெனிக்காரன் தாராவிப் பட்டறைக்குத் தைக்கக் கொடுப்பதானால் அந்தப் பட்டறை செம்பூர் நிலையத்தின் திறன் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். சான்றிதழ் இல்லையென்றால் தைக்க மால் இல்லை, மால் இல்லையென்றால் சோறு இல்லை.

எனக்குத் தாராவியில் தொண்ணூறடி ரோட்டை ஒட்டிய சந்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட். கையில் கடிகாரம் வைத்துக்கொண்டு நிமிஷத்துக்கு எத்தனை வார்த்தை என்று பிள்ளைகளை அளந்து பிழைத்தவன் நான். அதனால் அளக்கிறவர்கள் மேல் எனக்குப் பொதுவாக விரோதமில்லை. ஆனால் இந்த ஆபீசை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

எதிர் மாடியில் ஷேக் பரீதின் பட்டறை. பன்னிரண்டு மிஷின், பன்னிரண்டு பேர். முதலாளி கடையநல்லூர். தைக்கிறவர்களில் ஐந்து பேர் அவருடைய ஊர்ப் பக்கத்து முஸ்லிம்கள், ஏழு பேர் சங்கரன்கோவில், தென்காசிப் பக்கத்து இந்துக்கள். காலர் தைக்கும் நாலாம் நம்பர் மிஷினில் மன்சூர் அலி. அதற்குப் பக்கத்து மிஷினில், சட்டைக் கை தைக்கும் சுயம்பு. ஒருவரை ஒருவர் மாமா, மாப்பிள்ளை என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். எந்தக் கல்யாணத்தில் அந்த உறவு வந்தது என்று யாரும் கேட்டதில்லை.

அந்தப் பட்டறையில் ஒரு நடைமுறை உண்டு. வெள்ளிக்கிழமை ஐந்து பேரும் விடியும்போதே வந்து, தங்கள் பங்குக் காலரையும் பட்டியையும் கூடுதலாகத் தைத்துக் கூடையில் போட்டுவிடுவார்கள். பன்னிரண்டரைக்கு முதலாளியோடு ஜும்மாத் தொழுகைக்குக் கிளம்புவார்கள். அவர்கள் திரும்பும் இரண்டு மணி வரைக்கும் மற்ற ஏழு பேரும் பன்னிரண்டு மிஷினிலும் மாறி மாறி உட்கார்ந்து ஓட்டுவார்கள். அந்த ஒன்றரை மணி நேரம் டீ கிடையாது, பீடி கிடையாது, ஒன்றுக்குப் போவதுகூடக் கிடையாது. தொழப் போனவன் பங்குக்குத் தைத்து அடுக்க வேண்டிய துணிக்கட்டு குறைந்து கிடந்தால் இருக்கிறவனுக்கு மானக்கேடு. அவர்கள் வந்த பிறகு ஏழு பேரும் கைகாலை நீட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பார்கள், ஐந்து பேர் ஓட்டுவார்கள். சித்திரையில் தாராவி முப்பிடாதியம்மன் கோயிலில் கொடைத் திருவிழா வந்தால் இதே கணக்கு தலைகீழ். ஏழு பேர் கோயிலில், ஐந்து பேர் பன்னிரண்டு மிஷினில். இதை யாரும் எழுதிவைக்கவில்லை. எழுதிவைக்காததுதான் தப்பாகப் போயிற்று.

நிலையத்திலிருந்து அளக்க வந்தவர் அனந்தநாராயணன். மாட்டுங்காக்காரர். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஸ்டாப்வாட்ச் தொங்கும். பொய் சொல்லத் தெரியாதவர், யாரிடமும் சத்தம் போடாதவர், பல் தேய்க்க எழுபது வினாடிக்கு மேல் எடுத்துக்கொள்ளாதவர். இந்தக் கடைசி விஷயத்தை அவரே எல்லாரிடமும் சொல்வார். அவர் வியாழக்கிழமை வந்திருக்க வேண்டியது. ஸ்டாப்வாட்சை ஸ்டோரிலிருந்து எடுக்க மூன்று கையெழுத்து தேவைப்பட்டது, மூன்றாவது கையெழுத்துக்காரர் லீவு. வெள்ளிக்கிழமை காலையில் நேரத்தை வீணாக்காமல் இருப்பது எப்படி என்று ஆபீசில் ஒரு மீட்டிங். அது பத்து மணிக்கு ஆரம்பிப்பதாக இருந்து பதினொன்றரைக்கு ஆரம்பித்தது. ஆக, அவர் பட்டறையின் மரப்படியில் ஏறும்போது மணி பன்னிரண்டரை. இறங்கிப் போன ஐந்து பேரும் முதலாளியும் படியிலேயே அவருக்கு ஒதுங்கி வழிவிட்டார்கள். மின்சாரக் கணக்கு எடுக்க வந்தவர் என்று நினைத்துக்கொண்டார்கள்.

சுயம்பு எழுந்து நின்றான்.

"தொழுகைக்குப் போயிருக்காவ சார். அஞ்சு பேரு, மொதலாளி. ரெண்டு மணிக்கு வந்துருவாவ."

"வரட்டும், வரட்டும். இல்லாதவாளை என்னால அளக்க முடியாது. இருக்கறவாளைத்தான் அளக்க முடியும். நீங்க பாட்டுக்குத் தைங்கோ, நான் இருக்கேன்னே நினைக்காதீங்கோ."

அவர் இருக்கிறார் என்று நினைக்காமல் எப்படி இருப்பது? கழுத்தில் கடிகாரம் மாட்டிய சர்க்கார் மனிதர் ஒருவர் தங்கள் கையை உற்றுப் பார்ப்பது அந்த ஏழு பேரின் ஆயுளில் முதல் தடவை. ஜும்மா வேகம் ஏற்கனவே இருந்தது. விருந்தாளி வேகமும் அதோடு சேர்ந்துகொண்டது. சுயம்பு, மன்சூர் மாமாவின் மிஷினில் உட்கார்ந்து காலரை மூட்டினான், எழுந்து தன் மிஷினுக்குத் தாவிக் கையை மூட்டினான், மறுபடியும் காலருக்குத் தாவினான். நான் எதிர் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பெருமையாகக்கூட இருந்தது.

இரண்டு மணிக்குப் பதினெட்டுச் சட்டை தயார். பன்னிரண்டு பேரும் சேர்ந்து ஒன்றரை மணி நேரத்தில் தைக்கும் அதே பதினெட்டு. அனந்தநாராயணன் கடிகாரத்தை அமுக்கினார், படிவத்தை நிரப்பினார்.

"அளக்கப்பட்டவர் சார்புல யாராவது ஒருத்தர் கையெழுத்துப் போடணும். யார் போடறேள்?"

சுயம்பு கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு போட்டான். படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. தமிழில் இருந்திருந்தாலும் அவன் எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் சாயங்காலம் ஆகியிருக்கும். நல்ல வார்த்தை எழுதியிருப்பார் என்று நம்பினான். ஏழு பேரைப் பற்றி நல்ல வார்த்தைதான் எழுதியிருந்தார்.

மூன்று வாரம் கழித்துத் தபால் வந்தது. ஷேக் பரீத் என்னைக் கூப்பிட்டனுப்பினார். பன்னிரண்டு பேரும் மிஷினை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்கள், சான்றிதழ் வந்திருக்கிறது என்று பக்கத்து ஓட்டலில் டீயும் பிஸ்கட்டும் சொல்லியாகிவிட்டது. நான் வாசித்தேன். உற்பத்தி திருப்திகரம். தேவைப்படும் பணியாளர் ஏழு. தற்போது சம்பளப் பட்டியலில் இருப்போர் பன்னிரண்டு. உபரி ஐந்து. அளவீட்டு நேரத்தில் தங்கள் இருக்கையில் காணப்படாத ஐந்து பேரை முப்பது நாளுக்குள் நீக்கினால் சான்றிதழ் வழங்கப்படும். உடன் இணைப்பு: நீக்கப்பட வேண்டியோர் பெயர்ப் பட்டியல், பணியாளர் தரப்புச் சாட்சியின் கையெழுத்துடன்.

டீ வந்தது. யாரும் எடுக்கவில்லை.

மன்சூர் அலி காகிதத்தை என் கையிலிருந்து வாங்கி அடியில் இருந்த கையெழுத்தைப் பார்த்தான். இரண்டு மாதம் முன்னால்தான், பெண்டாட்டி ஆபிதாவையும் இரண்டு பெண்பிள்ளைகளையும் ஊரிலிருந்து கூட்டிவந்து குடிவைத்திருந்தான். எட்டு வருஷம் தனியாகக் கிடந்தவன். ஜூனில் பெரியவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதாக இருந்தது.

"ஏ மாப்ள, இது ஒன் கையெழுத்துதான?"

"ஆமா மாமா."

"நல்லாத்தான் போட்டிருக்க."

காகிதத்தை மடித்து என்னிடமே கொடுத்துவிட்டுத் தன் மிஷினில் போய் உட்கார்ந்தான். திட்டியிருந்தால் சுயம்பு தாங்கியிருப்பான். அன்று வீட்டுக்குப் போய் அவன் சாப்பிடவில்லை என்று அவன் பெண்டாட்டி சண்முகவடிவு என்னிடம் வந்து சொன்னாள். "கை சும்மா இருக்கமாட்டாத மனுஷன், வெரல வெரல பாத்துக்கிட்டே உக்காந்திருக்காவ. நீங்க கூடப்போயி அந்த ஆபீசுல ஒரு வார்த்த சொல்லப்படாதா?"

நானும் சுயம்புவும் செம்பூருக்குப் போனோம். வாசலில் ஒரு நோட்டுப் புத்தகம். வந்த நேரம், போன நேரம், வீணான நேரம் என்று மூன்று கட்டம். மூன்றாவதைப் போகும்போது நிரப்ப வேண்டும். வரவேற்பில் இருந்த அம்மாள் அதிகாரியைப் பார்க்க எத்தனை நிமிஷம் வேண்டும் என்று கேட்டாள். ஏழு என்றேன். எழுதிக்கொண்டாள். அந்த ஏழு நிமிஷத்துக்காகக் காலை பத்திலிருந்து மாலை மூன்று நாற்பது வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அதற்குள் ஆறு தடவை டீக்காரர்கள் எங்களைக் கடந்து போனார்கள். மூன்றாம் மாடிக்குப் போவதற்குள் டீ ஆறிப்போகிறது என்று புகார் வந்து, நிலையம் ஒரு வருஷம் ஆராய்ந்து, இரண்டு டீக்காரர்களை ஏழு பேராக்கியிருந்ததாம். டீ இன்னும் ஆறித்தான் போகிறது, ஆனால் எந்தப் படியில் ஆறுகிறது என்பது இப்போது துல்லியமாகத் தெரியும்.

அனந்தநாராயணன் எங்களை உட்காரச் சொன்னார். சுயம்பு உட்காராமல் நின்றபடியே சொன்னான். வெள்ளிக்கிழமை விடியலில் அவர்கள் தைத்து வைத்தது, அந்த ஒன்றரை மணி நேரத்தின் அசுர வேகம், அதற்குப் பிறகு ஏழு பேரும் படுத்துக் கிடந்தது, எல்லாவற்றையும் சொன்னான்.

"அந்த வேகத்துல நாள் பூரா தச்சா செத்துப்போவோம் சார். அது அவுகளுக்காவ தச்சது."

அனந்தநாராயணன் பொறுமையாகக் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நீ சொல்றது அத்தனையும் வாஸ்தவம்ப்பா. நான் நம்பறேன். ஆனா அளவீட்டுக்கு முன்னாடி நடந்தது அளவீட்டுக்கு வெளியில. பின்னாடி நடந்ததும் வெளியில. நடுவுல நடந்ததுதான் அளவீடு. நான் உனக்காக உள்ளதைக் கொஞ்சம் மாத்தி எழுதினா அப்புறம் விஞ்ஞானத்துக்கு என்ன மரியாதை?"

"அவுக தொழப் போனது தப்பா சார்?"

"தப்பே இல்லை. நானே தினம் சந்தி பண்றவன். ஆனா படிவத்துல இடமில்லையே." அவர் படிவத்தை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். இருக்கையில் ஆளில்லாததற்கு நாற்பத்தோரு காரணங்கள் அச்சாகியிருந்தன. காய்ச்சல், வெள்ளம், கலவரம், நிலநடுக்கம், பாம்புக்கடி. வெள்ளிக்கிழமை இல்லை. "இதரன்னு ஒரு கட்டம் இருந்தது. எல்லாரும் அதுலயே எழுதினதால போன வருஷம் எடுத்துட்டோம்."

"அப்ப என்னதான் செய்யது?" என்றான் சுயம்பு. "எங் கையெழுத்த அழிச்சுருங்க சார். எனக்கு அது போதும்."

"கையெழுத்தை அழிச்சா அது குற்றம். மறு அளவீடு கேக்கலாம், அதுக்கு விதி இருக்கு. தேதியைப் புள்ளிவிவரப் பிரிவு ஓர் எண் அட்டவணையிலேர்ந்து குருட்டாம்போக்கா எடுக்கும். யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. எனக்கே தெரியாது. அதுதான் நியாயம்."

மறு அளவீட்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது வாசல் நோட்டில் வீணான நேரம் என்ற கட்டத்தில் ஐந்து மணி நாற்பது நிமிஷம் என்று எழுதினேன். காவலாளி அதை அடித்துவிட்டு ஏழு நிமிஷம் என்று திருத்தினான். அதிகாரியோடு பேசிய நேரத்தைத்தான் வீண் என்று கணக்கெடுப்பார்களாம். அந்த ஆபீசில் நான் பார்த்த ஒரே சரியான கணக்கு அதுதான்.

சித்திரை பிறந்தது. செவ்வாய்க்கிழமை முப்பிடாதியம்மன் கொடை. ஏழு பேரும் முந்தின நாளே தங்கள் வேலையைக் கூடுதலாகத் தைத்துப் போட்டுவிட்டு, கையில் காப்புக் கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போய்விட்டார்கள். சுயம்பு அந்த வருஷம் தீச்சட்டி எடுப்பதாக நேர்ந்திருந்தான், மாமாவின் வேலை நிலைக்க வேண்டும் என்று. மத்தியானம் மேளச் சத்தம் தொண்ணூறடி ரோடு வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தபோது அனந்தநாராயணன் மரப்படியில் ஏறினார். அட்டவணையில் குருட்டாம்போக்காக விழுந்த தேதி அதுதான்.

நான் ஓடினேன். ஐந்து பேர் மட்டும் பன்னிரண்டு மிஷினுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தார்கள். நான் மன்சூர் அலியை ஓரமாக இழுத்தேன்.

"மெதுவாத் தைங்க மன்சூர். இன்னைக்குப் பத்துச் சட்டை வந்தாப் போதும். அப்பத்தான் பன்னெண்டு பேரும் வேணும்னு எழுதுவாரு."

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

"என்ன சார் பேசுதீய? அஞ்சு பேரும் வேண்டாத ஆளுன்னு எழுதியிருக்கான். வந்து நிக்கான், அவன் கண்ணு முன்னால கைய இழுத்துக் காட்டச் சொல்லுதீயளே? அவன் எழுதுனது சரின்னுல்ல ஆயிரும்? அதுமில்லாம, மாப்ள சட்டி எடுக்கப் போயிருக்கான். அவன் கட்டு கொறஞ்சு கெடந்தா சாயங்காலம் நான் அவன் மூஞ்சில எப்பிடி முழிப்பேன்?"

நியாயமான மனிதனின் நியாயமான பேச்சு. அது எந்த ஆபீஸ் முன்னால் பேசப்படுகிறது என்பதுதான் கோளாறு.

ஐந்து பேரும் உட்கார்ந்தார்கள். அப்படி ஒரு தையலை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. ஒரு மிஷினின் சக்கரம் நிற்பதற்குள் அடுத்ததில் உட்கார்ந்திருந்தார்கள். மன்சூரின் சட்டை வியர்வையில் நனைந்து முதுகோடு ஒட்டியது. ஒருவன் விரலில் ஊசி ஏறியது, பிடுங்கிப் போட்டுவிட்டுத் துணியில் ரத்தம் படாமல் தைத்தான். ஒன்றரை மணி நேரத்தில் பதினெட்டுச் சட்டை. அனந்தநாராயணன் கடிகாரத்தை அமுக்கினார். அவர் கண்ணில் ஈரம். "பிரமாதம்" என்றார். உண்மையிலேயே மனம் நெகிழ்ந்துதான் சொன்னார், அதை மறைக்கக் கூடாது. அளக்கப்பட்டவர் சார்பில் மன்சூர் அலி கையெழுத்துப் போட்டான். சாயங்காலம் சுயம்பு காப்பும் திருநீறுமாகப் படியேறி வந்தபோது, "மாப்ள, ஒன் கட்டு கொறையல" என்று எடுத்துக் காட்டினான். இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

இரண்டாம் தபால் வந்தது. உற்பத்தி மிகவும் திருப்திகரம். தேவைப்படும் பணியாளர் ஐந்து. உபரி ஏழு. பெயர்ப் பட்டியல் இணைப்பு. அதில் முதல் பெயர் சுயம்பு, அடியில் சாட்சிக் கையெழுத்து மன்சூர் அலி.

இரண்டு அறிக்கையில் எது செல்லும் என்று கேட்டு முதலாளிக்காக ஒரு கடிதம் டைப் அடித்துக் கொடுத்தேன். செய்யாமல் இருந்திருக்கலாம். என் கடிதம் அனந்தநாராயணனிடமிருந்து துணை டைரக்டருக்கும், அவரிடமிருந்து டைரக்டருக்கும் போயிற்று. ஓர் அறிக்கையை இன்னோர் அறிக்கை ரத்து செய்வதற்கு விதியில் இடமில்லை. ஆனால் இரண்டையும் சேர்த்துப் படிக்க இடமிருந்தது. டைரக்டர் சேர்த்துப் படித்தார். முதல் அறிக்கைப்படி ஐந்து பேர் இல்லாமல் உற்பத்தி குறையவில்லை. இரண்டாம் அறிக்கைப்படி மற்ற ஏழு பேர் இல்லாமலும் குறையவில்லை. ஐந்தும் ஏழும் பன்னிரண்டு. பட்டறையில் இருப்பதே பன்னிரண்டு பேர். டைரக்டர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாராம். மூன்றாம் மாடியில் அன்று இனிப்பு கொடுத்தார்கள்.

சான்றிதழ் வந்தது. தங்க நிற ஓரம் போட்டு, முத்திரை குத்தி. இயந்திரங்கள் பன்னிரண்டு, தேவைப்படும் பணியாளர் பூஜ்யம், உற்பத்தியில் குறைவில்லை. ஷேக் பரீத் அதைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு பம்பாய்க் கோட்டை வட்டாரத்து ஏற்றுமதிக் கம்பெனிக்குப் போனார். கம்பெனி மானேஜர் இரண்டு தடவை வாசித்தார். சந்தோஷம், மால் தருகிறோம், ஆனால் ஆளே தேவையில்லை என்று சர்க்கார் முத்திரையோடு இருக்கும்போது தையல்கூலி எதற்கு, மின்சாரச் செலவை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். அவர் கிண்டல் செய்யவில்லை. கிண்டல் செய்தால்கூட மன்னித்திருக்கலாம்.

அடுத்த மாதம் மாட்டுங்காவில் ஒரு மண்டபத்தில் பாராட்டு விழா. பன்னிரண்டு பேரும் துவைத்த சட்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். தங்கள் பட்டறைக்கு விருது, மேடையில் பெரியவர்களிடம் நேரில் சொன்னால் தீர்ந்துவிடும் என்று சுயம்பு எல்லாரையும் கூட்டிவந்திருந்தான். வாசலில் இருந்தவர் அழைப்புப் பட்டியலைப் பார்த்தார். பட்டறையின் சார்பில் உரிமையாளர் ஒருவர், மொழிபெயர்ப்புக்கு நான் ஒருவன், பணியாளர் பூஜ்யம். பூஜ்யம் பேரைத் தாராளமாக உள்ளே விடலாம், பன்னிரண்டு பேரை விட முடியாது என்றார். அவர்கள் எதிரே பிளாட்பாரத்தில் நின்றார்கள்.

டைரக்டர் ஆங்கிலத்தில் பேசினார். அதை அனந்தநாராயணன் தமிழர்களுக்காகத் தமிழில் சொன்னார்.

"தொழிலாளி என்பவன் யார்? தண்ணீர் குடிக்கிறவன். குடித்ததால் எழுந்து போகிறவன். தங்கை கல்யாணம் என்று ஊருக்குப் போய் நாலு நாள் கூடுதலாக இருந்துவிட்டு வருகிறவன். இந்தக் குறைகளை ஒவ்வொன்றாகத் திருத்தப் பத்தாண்டுத் திட்டம் வைத்திருந்தோம். ஷேக் பரீத் பட்டறையில் எல்லாவற்றையும் ஒரே வருஷத்தில் திருத்திவிட்டோம். இந்தச் சாதனையில் தொழிலாளர்களுக்கும் பங்குண்டு. அவர்களே கையெழுத்திட்டுத் தந்த சாட்சியம் எங்களிடம் இருக்கிறது. இதை நாடு முழுவதும் பரப்ப நிலையத்துக்கு இன்னும் நாற்பது பேர் தேவை என்று அரசைக் கேட்டிருக்கிறேன்."

கைதட்டல். ஷேக் பரீதுக்குக் கேடயம் கொடுத்து நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். அவர் கேடயத்தைக் கீழே வைத்தார்.

"எம் பட்டறக்காரங்க பன்னெண்டு பேரும் வெளிய வெயில்ல நிக்காங்க. அவங்கள உள்ள விடுங்க. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

டைரக்டர் பக்கத்திலிருந்தவரிடம் எந்தப் பன்னிரண்டு பேர் என்று கேட்டார். அப்படி யாரும் இல்லை என்று அவர் பட்டியலைப் பார்த்துச் சொன்னார். மறுபடியும் கைதட்டல்.

படியிறங்கும்போது அனந்தநாராயணனைப் பிடித்தேன். "சார், மனசாட்சியத் தொட்டுச் சொல்லுங்க. ஆளில்லாம மிஷின் எப்படி ஓடும்?"

அவர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார்.

"ஓடறதா இல்லையாங்கறது இயந்திரப் பிரிவு, சார். நான் ஆள் பிரிவு."

கூலியில்லாமல் எத்தனை நாள் தைப்பது? மழைக்கு முன்பே பட்டறை நின்றது. பன்னிரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் போனார்கள். ஒருவன் குர்லாவில் பெட்டி செய்யும் கடைக்கு, ஒருவன் வடாலாவில் மூட்டை தூக்க. மன்சூர் அலி விக்ரோலியில் ஒரு கம்பெனி வாசலில் காவலுக்குச் சேர்ந்தான், பன்னிரண்டு மணி நேர ஷிப்ட், வெள்ளிக்கிழமையும் உண்டு. ஆபிதாவும் பிள்ளைகளும் ஊருக்குத் திரும்பினார்கள். தாதர் ஸ்டேஷனில் பெரியவள், "அத்தா, பள்ளிக்கூடம் தொறந்துருச்சா?" என்று கேட்டாளாம். இதைச் சுயம்புதான் என்னிடம் சொன்னான், சுவரைப் பார்த்துக்கொண்டு.

ஓடாத பட்டறையை நிலையமே வாடகைக்கு எடுத்தது. ஆளில்லா மாதிரிப் பட்டறை என்று பலகை மாட்டினார்கள். டில்லியிலிருந்தும் சென்னையிலிருந்தும் குழுக்கள் வந்தன. காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே போய், பன்னிரண்டு மிஷினும் அசையாமல் நிற்பதைப் பார்த்துக் குறிப்பெடுத்துக்கொண்டார்கள். சத்தமே இல்லை என்று வியந்தார்கள். மிஷின் துருப்பிடிக்கக் கூடாது என்பதற்காகத் தினக்கூலிக்கு ஒருவனை அமர்த்த வேண்டியிருந்தது. எண்ணெய் விட வேண்டும், துடைக்க வேண்டும், வருகிறவர்களுக்குக் கதவு திறக்க வேண்டும். சுயம்பு அந்த வேலைக்கு வந்தான். சண்முகவடிவு மூன்று வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். கௌரவம் பார்க்கிற நிலையில் அவர்கள் இல்லை.

ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை. ஒரு குழுவோடு அனந்தநாராயணன் வந்தார். மொழிபெயர்ப்புக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். படியில் ஏறும்போதே மிஷின் சத்தம் கேட்டது. குழுவினர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆளில்லாமல் ஓடுகிறதோ என்று ஒருவர் முகம் மலர்ந்துகூடப் போயிற்று.

நாலாம் நம்பர் மிஷினில் சுயம்பு உட்கார்ந்திருந்தான். மிஷின் துடைக்கக் கொடுத்த கந்தல் துணியை வெட்டிக் காலர் தைத்துக்கொண்டிருந்தான். பக்கத்துக் கூடையில் பத்துப் பதினைந்து காலர் கிடந்தது. வியர்வை சொட்டியது. மணி பன்னிரண்டு ஐம்பது.

"என்னப்பா பண்றே?" என்றார் அனந்தநாராயணன்.

சுயம்பு தலை நிமிரவில்லை, கையும் நிற்கவில்லை.

"மாமா தொழுகைக்குப் போயிருக்காவ சார். வாரதுக்குள்ள அவுக கட்டு கொறையக்கூடாதுல்லா."

மன்சூர் அந்த நேரத்தில் விக்ரோலியில் கேட்டுக்கு முன்னால் நின்றுகொண்டிருப்பான். அனந்தநாராயணன் கூடையிலிருந்து ஒரு காலரை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். ஒருவேளை அவருக்கும் ஏதாவது தோன்றியிருக்கலாம். பிறகு கழுத்திலிருந்து கடிகாரத்தைக் கையில் எடுத்து அமுக்கினார், அறையைச் சுற்றி ஒரு தடவை பார்த்தார், பையிலிருந்து படிவத்தை எடுத்தார். தேவைப்படும் பணியாளர் பூஜ்யம், காணப்பட்டோர் ஒன்று, உபரி ஒன்று என்று நிறுத்தி நிதானமாக நிரப்பினார். அளக்கப்பட்டவர் சார்பில் கையெழுத்துப் போடுவதற்கு வேறு யாரும் இல்லாததால் சுயம்புவிடமே பேனாவைக் கொடுத்தார்.

அவன் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு போட்டான்.